இரட்டைப் பின்னல் போட்ட சூப்பர்ஹீரோவை யார் படிப்பார்கள்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. இருவருக்கும் சூப்பர்ஹீரோ படங்கள் என்றால் உயிர். மகள் ஒரு வருடமாக நோட்டில் காமிக்ஸ் வரைந்து வந்தாள். அவள் கதாநாயகி எங்கள் தெருப் பெண் போலவே கறுப்பாக, எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருப்பாள். போன மாதம் அதைப் பார்த்த அண்ணன், "இதையெல்லாம் எவனும் பார்க்க மாட்டான். பெண்களையும் கறுப்பினத்தவரையும் திணித்துத்தான் மார்வெலே படுத்துவிட்டது. 'தி மார்வெல்ஸ்' வசூலைப் போய்ப் பார்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் நோட்டைத் தொடவில்லை. அவன் சொல்வது உண்மையா? அவளிடம் நான் என்ன சொல்வது?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகன் சொன்ன வசூல் கணக்கில் தவறில்லை. அதை அவனிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுங்கள். மறுத்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் கேட்க மாட்டான். மூன்று கதாநாயகிகளை வைத்து 2023 நவம்பரில் வந்த 'தி மார்வெல்ஸ்' உலகம் முழுக்கச் சேர்த்தும் 21 கோடி டாலரைத் தொடவில்லை. மார்வெல் ஸ்டூடியோஸ் படங்களிலேயே மிகக் குறைந்த வசூல் அதுதான்.

அதே வருடம் மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியின் 'தி ஃப்ளாஷ்' வந்தது, 'ஷஸாம்' இரண்டாம் பாகம் வந்தது. முன்னது சுமார் 27 கோடி டாலர், பின்னது சுமார் 13 கோடி. இரண்டிலும் ஆண்தான் ஹீரோ, இரண்டும் படுத்துவிட்டன. "ஆண்களைத் திணித்ததால் ஓடவில்லை" என்று அப்போது யாராவது சொன்னார்களா என்று மகனிடம் கேளுங்கள். ஆண் படம் தோற்றால் கதை சரியில்லை என்கிறோம், பெண் படம் தோற்றால் பெண்ணே சரியில்லை என்கிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் சோறு அந்தப் பானையில் இருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். பதம் பார்க்கத்தான் வேண்டுமென்றால், 2017-ல் 'வொண்டர் வுமன்' 80 கோடி டாலரைத் தாண்டியதையும், ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவராக நடித்த 'பிளாக் பாந்தர்' 2018-ல் 130 கோடியைத் தாண்டி, மூன்று ஆஸ்கர் வாங்கியதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மகளிடம் நீங்கள் பேச வேண்டியது வசூலைப் பற்றி அல்ல, கமலா கானைப் பற்றி. அந்தத் தோற்ற படத்தில் வரும் மூவரில் ஒருத்திதான் இவள். ஆனால் பிறந்தது காமிக்ஸில். பாகிஸ்தானியக் குடும்பத்தில் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்த மார்வெல் எடிட்டர் சனா அமானத் தன் சிறுவயதுக் கதைகளை அலுவலகத்தில் சொல்லப் போய் உருவானவள். 2014 பிப்ரவரியில் 'மிஸ் மார்வெல்' என்ற பெயரில் அவளுடைய முதல் இதழ் வந்தது. ஜி. வில்லோ வில்சன் எழுதினார், ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்தார்.

முதல் பக்கத்தில் எந்த வில்லனும் இல்லை. ஜெர்சி சிட்டியில் ஒரு கடையில், தன் மார்க்கம் அனுமதிக்காத பன்றி இறைச்சி சாண்ட்விச்சை 16 வயதுக் கமலா ஏக்கத்தோடு மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்திலேயே அவள் வீடும் அவள் வயதும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. பிறகு சக்தி கிடைக்கிறது. அவள் விரும்பியபடியே பொன்னிற முடியும் வெள்ளைத் தோலும் கொண்ட கேப்டன் மார்வெல் என்ற பெண் ஹீரோவாக உருமாறுகிறாள். மாறிய பிறகுதான் தெரிகிறது, அது அவளுக்கு ஒட்டவில்லை. முடி முகத்தில் விழுகிறது, உடை உறுத்துகிறது, இன்னொருத்தியாக இருப்பதே களைப்பாக இருக்கிறது. கடைசியில் தன்னிடம் இருந்த, உடலை முழுக்க மறைக்கும் புர்க்கினி நீச்சலுடையைத்தான் தன் சூப்பர்ஹீரோ உடையாக மாற்றிக்கொள்கிறாள். இந்தக் கதையின் முதல் தொகுப்புக்கு 2015-ல் அறிவியல் புனைவு, மிகுபுனைவுப் படைப்புகளுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது.

இதைப் படித்தவர்கள் யார் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் மாத காமிக்ஸ் இதழ்கள் பெரும்பாலும் தனி காமிக்ஸ் கடைகளில்தான் விற்பனை ஆகிவந்தன. விற்காத பிரதியைக் கடைக்காரர் பொதுவாகத் திருப்பித் தர முடியாது. அதனால் தன் கடைக்கு வழக்கமாக வரும் வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்று யோசித்து, மாதங்களுக்கு முன்பே அளந்து ஆர்டர் கொடுப்பார். விற்பனைப் பட்டியல் என்று வெளியே வந்ததும் பெரும்பாலும் அந்த ஆர்டர் கணக்குதான். அந்தக் கடைக்குள் கால் வைக்காத பெண் பிள்ளைகள் கமலாவைப் புத்தகக் கடையில் தொகுப்பாக வாங்கினார்கள், கணினியில் படித்தார்கள். பட்டியலில் அவர்கள் இல்லை. 2017-ல் மார்வெலின் விற்பனைத் துணைத்தலைவர் ஒருவர், பன்முகத்தன்மை வேண்டாம் என்று கடைக்காரர்கள் சொன்னதாகப் பேசிப் பெரிய சர்ச்சை ஆனது. கமலா, புதிய ஸ்பைடர்மேனாக வந்த மைல்ஸ் மொராலெஸ் போன்ற புதியவர்களுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது என்று பிறகு அவரே விளக்கம் கொடுத்தார்.

அந்த விளக்கத்திலேயே, பழைய ஹீரோக்களைக் கைவிட்டதுபோல் ஆனதில் சில கடைக்காரர்களுக்கு வருத்தம் என்றும் இருந்தது. மகன் பக்கம் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். சில வருடங்களுக்குள் தோர், கேப்டன் அமெரிக்கா, ஹல்க், அயர்ன் மேன் என்று வரிசையாக எல்லாருடைய இடத்திலும் வேறொருவர் வந்தார். சின்ன வயதிலிருந்து கூடவே வந்தவரைக் காணோம் என்றால் வாசகனுக்கு வலிக்கும். அந்த வலியை வெறுப்பு என்று நாம் முத்திரை குத்தக் கூடாது. ஆனால் கமலா யாரையும் தள்ளிவிட்டு வரவில்லை. மிஸ் மார்வெலாக இருந்தவர் 2012-லேயே கேப்டன் மார்வெல் ஆகிவிட்டார். காலியாக இருந்த பெயரைத்தான் இவள் எடுத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்திருப்பார்கள். பிரிட்டிஷ் பத்திரிகையில் பிறந்த ஆள் அவர். சிவகாசியிலிருந்து வந்த அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தவர்கள், இவர் நம்மைப்போல இல்லையே என்று கீழே வைக்கவில்லை. நம்மைப்போல இல்லாத ஒருவரை நம்மால் அப்படி நேசிக்க முடிந்தது. உங்கள் மகளின் இரட்டைப் பின்னல்காரியையும் மற்றவர்களால் நேசிக்க முடியும்.

"எல்லாரும் படிப்பார்கள், கவலைப்படாதே" என்று மட்டும் மகளிடம் சொல்லாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மன்னிப்புக் கேள் என்று மகனை நெருக்கவும் வேண்டாம். "அடுத்த பக்கம் எப்போ?" என்று தங்கையிடம் கேட்கச் சொல்லுங்கள், போதும். வரைகிறவளுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். ஊரைக் காப்பாற்றிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிற அந்தப் பெண்ணிடம் அவள் அம்மா என்ன கேட்பாள் என்று மகளைக் கேளுங்கள். அவளுக்கு வரவில்லை என்றால், அந்த வசனத்தை நீங்கள் சொல்லுங்கள், அவள் எழுதிக்கொள்ளட்டும்.