நாத்தனாருக்குச் செய்த ஆபரேஷன் எனக்கும் சரிவருமா?

கேள்வி: எனக்கு வயது 39. வாடிப்பட்டி பக்கம் ஊர். உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையோடு இப்போது ராத்திரி இன்சுலினும் போடுகிறேன். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 9.2, ஹீமோகுளோபின் 9.6. படுத்தால் நெஞ்சு எரிந்து புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும் என்பதால் இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறேன். மூட்டுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். என் நாத்தனார் இரண்டு வருடத்துக்கு முன் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து 35 கிலோ குறைந்துவிட்டார். அதையே எனக்கும் செய்ய அடுத்த மாதம் நாள் குறித்து, முன்பணமும் கட்டியாகிவிட்டது. இப்போது ஒருவர் பைபாஸ்தான் நல்லது என்கிறார், இன்னொருவர் பலூன் போதும் என்கிறார். வீட்டுக்காரர் ‘குடலை வெட்டி ஒட்டுற வேலையெல்லாம் வேண்டாம்’ என்று ஒரே பிடியாக நிற்கிறார். நான் எதைச் செய்துகொள்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் 104 கிலோவுக்கு முன்னால் என் கண்ணில் பட்டது அந்த இரண்டு தலையணைதான். எண்டாஸ்கோப்பி, அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை, எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்காமலேயே நாள் குறித்திருந்தால், அந்த நாளைத் தள்ளி வையுங்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை, இரைப்பை போனால் திரும்பி வராது.

ஆபரேஷன் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் உயர எடைக் கணக்கில் பி.எம்.ஐ. 42.7 வருகிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5-க்கு மேல் போனாலே அறுவை சிகிச்சையை ஒரு வழியாகச் சொல்லலாம் என்று 2022-இல் உலக அளவிலான மருத்துவர் சங்கங்கள் வழிகாட்டுதல் வெளியிட்டன. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டீர்கள், கூடவே சர்க்கரையும் இருக்கிறது. ஆகவே கேள்வி எந்த ஆபரேஷன் என்பதுதான்.

முதலில் ஸ்லீவ். நம் இரைப்பை இடது பக்கம் உப்பிய ஒரு பை. அதை நெடுக்குவாட்டில் ஸ்டேப்ளர் போட்டு, முக்கால் பங்குக்கும் சற்று அதிகமாக வெட்டி வெளியே எடுத்துவிடுவோம். மிஞ்சுவது ஒரு நீள வாழைப்பழம் போன்ற குழாய். குடலில் கை வைப்பதில்லை. வெட்டி எடுக்கும் மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. அதனால் கொள்ளளவு குறைவதோடு பசியும் குறைகிறது. ‘பசிக்கவே மாட்டேங்குது டாக்டர், மணி பார்த்துத்தான் சாப்பிடுறேன்’ என்று முதல் சில மாதங்கள் சொல்லாதவர்கள் குறைவு. உங்கள் நாத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்தக் குழாய் ஒடுக்கமானது. அகலப் பையாக இருந்தபோது விரிந்து கொடுத்த இரைப்பை, இப்போது விரிய இடமில்லாமல் அழுத்தத்தை மேலே தள்ளுகிறது. உணவுக்குழாயின் அடிவாசல் ஏற்கனவே தளர்ந்திருந்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். சுவிட்சர்லாந்தில் ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் இரண்டு ஆபரேஷனையும் ஐந்து ஆண்டு ஒப்பிட்டு 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். எடை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்செரிச்சலில்தான் வித்தியாசம்: முன்பே எரிச்சல் இருந்து ஸ்லீவ் செய்தவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு அது கூடியது, பைபாஸில் 6 பேருக்குத்தான். ஸ்லீவ் செய்துவிட்டு, எரிச்சல் தாங்காமல் சில வருடம் கழித்து பைபாஸாக மாற்றிக்கொள்ள வருபவர்கள் எங்கள் ஓ.பி.யிலும் உண்டு. உங்கள் நாத்தனாருக்குப் படுத்தால் எரிச்சல் வந்ததில்லை என்றே நினைக்கிறேன். இருந்திருந்தால் அவரே உங்களைத் தடுத்திருப்பார்.

பைபாஸ் கொஞ்சம் சுற்றி வளைத்த வேலை. இரைப்பையின் மேல்முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு, சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சிறு பையைத் தனியே பிரிப்போம். பெரிய பை வயிற்றிலேயே இருக்கும், அதில் சோறு போகாது, அவ்வளவுதான். சிறுகுடல் கிட்டத்தட்ட ஒரு சுங்குடிச் சேலை நீளம். அதன் ஆரம்பத்திலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி வெட்டி, கீழ்முனையை மேலே கொண்டுவந்து அந்தச் சிறு பையோடு இணைக்கிறோம். பித்தநீரும் கணையநீரும் வரும் மேல்முனையை, ஒன்று ஒன்றரை மீட்டர் கீழே போய்ச் சேர்க்கிறோம். வாடிப்பட்டிக்காரருக்கு வாய்க்கால் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஒரு வாய்க்காலில் சோறு வருகிறது, இன்னொன்றில் செரிமான நீர் வருகிறது, இரண்டும் கீழ்மடையில்தான் கலக்கின்றன.

உங்கள் தலையணைக்கு இதில் விடை இருக்கிறது. அமிலம் சுரக்கும் பெரிய பை துண்டிக்கப்பட்டுவிட்டது. பித்தநீர் சேரும் இடமும் தொலைவில். மேலே ஏற எதுவும் பெரிதாக இல்லை. அதே சுவிஸ் ஆய்வில், முன்பே எரிச்சல் இருந்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு பைபாஸுக்குப் பின் அது முழுதாக நின்றுபோனது. ஸ்லீவில் 25 பேருக்கு.

சர்க்கரைக்கும் பைபாஸ் ஒரு படி மேல். உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் வேகமாகக் கீழ்க்குடலுக்குப் போவதால் இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் பொங்கி வருகின்றன. எடை குறைவதற்கு முன்பே, ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் இன்சுலின் அளவைப் பாதியாக வெட்டி எழுதும்போது நோயாளிகள் என்னை நம்பாமல் பார்ப்பார்கள். ஆனாலும் ‘சர்க்கரை அடியோடு போய்விடும்’ என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகள் 150 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. ஐந்து ஆண்டு முடிவில் ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே நின்றது பைபாஸில் நூற்றுக்கு 29 பேருக்கு, ஸ்லீவில் 23 பேருக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 பேருக்கு. நீங்கள் ஏழு வருடச் சர்க்கரை, இன்சுலின் வேறு. கணையத்தில் இன்னும் எவ்வளவு இன்சுலின் சரக்கு இருக்கிறது என்று சி-பெப்டைட் பரிசோதனை ஓரளவு காட்டும். மருந்து குறையும் என்பது மட்டும் பெரும்பாலும் நிச்சயம்.

இதுவரை படித்தால் பைபாஸே முடிவு என்று தோன்றும். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு முட்டுக்கட்டைகள் உள்ளன.

ஒன்று, மெடிக்கல் மாத்திரை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகை வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கும், சில சமயம் ஓட்டையே போட்டுவிடும். பீடி, சிகரெட்டும் அப்படித்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு நோயாளியிடம் ‘வலி மாத்திரை போடுவீர்களா’ என்று கேட்டு, ‘இல்லை சார், வெறும் பாராசிட்டமால்தான்’ என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டேன். ஒன்றரை வருடம் கழித்து ரத்த வாந்தியோடு வந்தார். சட்டைப் பையில் இருந்த அட்டையை வாங்கிப் பார்த்தால், பாராசிட்டமாலோடு அசிக்ளோபினாக்கும் சேர்ந்த மாத்திரை. பெரிய எழுத்தில் இருந்த பிராண்டு பெயரை மட்டும் அவர் பார்த்திருக்கிறார், நான் அதுகூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வாய்ச்சொல்லை நம்புவதில்லை, அட்டையைக் கேட்கிறேன். உங்கள் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.

மூட்டுவலியில் பெரும்பங்கு எடையால்தான், எடை குறைந்தால் அதுவும் குறையும். அதுவரை தனிப் பாராசிட்டமால், தைலம், பிசியோதெரபி. ஒருவேளை உங்களுக்கு முடக்குவாதம் மாதிரி ஏதாவது இருந்து, இந்த மாத்திரைகளை ஆயுளுக்கும் விடமுடியாது என்றால் கணக்கு மாறும். அப்போது எரிச்சலையும் பொறுத்துக்கொண்டு ஸ்லீவை யோசிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஹீமோகுளோபின். இரும்புச்சத்தும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். பைபாஸில் அந்தப் பாதையைத்தான் தாண்டிப் போகிறோம். பி12-ம் குறையும். 9.6-ஐ வைத்துக்கொண்டு உள்ளே போனால், ஒரு வருடத்தில் மாடிப்படி ஏறமுடியாமல் மூச்சு வாங்குவீர்கள், ‘ஆபரேஷனால் உடம்பு போச்சு’ என்று ஊரும் சொல்லும். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, வேறு எங்காவது கசிகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் நரம்பில் இரும்பு ஊசி போட்டு ஏற்றிக்கொண்டு வாருங்கள். சில வாரங்கள் பிடிக்கும்.

மினி பைபாஸ் என்று ஒன்றும் காதில் விழுந்திருக்கலாம். அமெரிக்காவில் 1997-இல் தொடங்கியது, நம் நாட்டு சர்ஜன்கள் பலருக்குப் பிடித்தமானது. இரைப்பையை நீளக் குழாயாக்கி, குடலோடு ஒரே ஒரு இணைப்பு. நேரம் குறைவு, எடையும் சர்க்கரையும் நன்றாகவே குறையும். ஆனால் ஒரே இணைப்பு என்பதால் பித்தநீர் அந்த வாசல் வழியாகத்தான் போகிறது, சிலருக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. தலையணை கேஸுக்கு நான் அதை முதலில் சொல்லமாட்டேன்.

பலூன் உங்களுக்குப் போதாது. எண்டாஸ்கோப்பி வழியாக இரைப்பையில் நீர் நிரப்பிய ஒரு பையை வைத்து, பொதுவாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்த பின் எடை மெல்லத் திரும்பும், எரிச்சல் உள்ளவர்களுக்கு அந்த ஆறு மாதமும் கஷ்டம். இரைப்பையில் பட்டை கட்டும் முறை ஒரு காலத்தில் ஓஹோ என்றிருந்தது, இப்போது செய்பவர்கள் அருகிவிட்டார்கள். இரைப்பையைக் குழாயாக்கி, குடலிலும் நீண்ட தூரத்தைத் தாண்டவிடும் டியோடினல் ஸ்விட்ச் எல்லாவற்றிலும் வலுவானது, சத்துக்குறைவும் அதே அளவுக்கு. சோறே பிரதானமான நம் தட்டுக்கு அதைச் சொல்ல எனக்குத் தயக்கம். ஒரு சுவாரசியம்: ஸ்லீவ் என்பதே அந்த ஆபரேஷனின் முதல் கட்டமாகத்தான் பிறந்தது. மிகவும் பருமனானவர்களுக்கு இரண்டு தவணையாகச் செய்யலாம் என்று முதல் பாதியை மட்டும் செய்து அனுப்பினார்கள். அதிலேயே நன்றாக இளைத்துவிட்டதால் பலருக்கு இரண்டாம் தவணை தேவைப்படவில்லை.

வாராவாரம் போடும் செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டால்: நல்ல மருந்துகள், நிறுத்தினால் எடை திரும்பும், மாதச் செலவு கையைக் கடிக்கும். ஆபரேஷனுக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர உங்களுக்கு அவை உதவலாம்.

வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். குடலைத் தொடாத ஸ்லீவில்தான் இரைப்பையின் பெரும்பகுதி வாளிக்குப் போகிறது, அதைத் திரும்ப ஒட்ட முடியாது. குடலை வெட்டி ஒட்டும் பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. அவசியம் வந்தால், எளிதில்லை என்றாலும், பழையபடி இணைக்கலாம். உயிருக்கு ஆபத்து அனுபவமுள்ள இடங்களில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான், பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடத்தக்கது. தையல் கசிவு அரிது, ஆனால் உண்டு. வீட்டுக்கு வந்த பின் காய்ச்சல், நாடி படபடப்பு, வயிற்றுவலி என்றால் ‘கேஸ் டிரபிள்’ என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். அவரையும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பயந்தவர் பக்கத்தில் இருந்தால் நல்ல கேள்விகள் வரும்.

பைபாஸ் செய்தால் இனிப்பு எதிரி. எங்களிடம் செய்துகொண்ட ஒருவர் மூன்றாம் மாதம் விளக்குத்தூண் பக்கம் பெரிய டம்ளர் ஜிகர்தண்டாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டார். கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, மாரடைப்பென்று நினைத்து ஆட்டோவில் வந்து இறங்கினார். சர்க்கரை ஒரேயடியாகக் குடலில் இறங்கியதன் விளைவு, படுக்க வைத்ததும் சரியாகிவிட்டது. அதன்பின் அவர் ஜிகர்தண்டா பக்கம் திரும்பவில்லை. பருத்திப்பாலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எந்த ஆபரேஷனானாலும் தட்டில் முதலில் முட்டை, மீன், சுண்டல், பருப்பு, கடைசியில்தான் சோறு. நாளுக்கு 60 கிராம் புரதம் குறையக்கூடாது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் இடைவெளி. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும். ‘இளைச்சாச்சே, இனி எதுக்கு’ என்று இரண்டாம் வருடம் நிறுத்துபவர்கள்தான் நான்காம் வருடம் கை கால் மரத்துப்போய் வருகிறார்கள்.

இப்போது செய்யவேண்டியது: மருத்துவமனைக்குப் போன் செய்து நாளைத் தள்ளி வையுங்கள். எண்டாஸ்கோப்பி எடுத்து உணவுக்குழாயின் அடியில் புண்ணோ, இரைப்பை அந்த வாசலுக்கு மேலே ஏறிய ஹெர்னியாவோ இருக்கிறதா, ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனையும். சர்க்கரை மாத்திரைகளில் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் பெயர் இருந்தால் சர்ஜனிடமும் மயக்க மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்தவேண்டும். காப்பீடு இருந்தால், பி.எம்.ஐ. 40-க்கு மேல் என்பதால் ஆபரேஷன் செலவை அதில் கேட்டுப் பெற உங்களுக்கு வாய்ப்பு உண்டு. காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

எண்டாஸ்கோப்பி சீட்டோடு அந்த வலி மாத்திரை அட்டையையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். மாத்திரை தீர்ந்திருந்தாலும் வெறும் அட்டை போதும்.