பதில்: வக்கீலா என்ரோல் ஆயாச்சு, கோர்ட்ல தெரிஞ்ச முகமே இல்ல
தங்கச்சி, பாளையங்கோட்டை கோர்ட்ல தனியா நிக்கேன், தொழில் கத்துக்கிட சீனியர் வக்கீல் அமையல, கூடப் படிச்ச பிள்ளைக பாதிப்பேரு கல்யாணமாகிப் போயிட்டாவன்னு எழுதியிருக்கீங்கல்லா, முதல்ல அந்தப் பாதிப்பேரப் பிடிங்க.

பேட்ச் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வாட்ஸப் குரூப் போட்டு, குட்மார்னிங் படத்துக்குத் தடை போட்டுட்டு, நாளைக்கு வாய்தா வாங்க ஆள் வேணுமா, மனு மாடல் வேணுமா, எந்த சீனியர்ட்ட இடம் இருக்கு, எவர்ட்ட போகவே கூடாது, இத மட்டும் பேசுங்க. கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம், ஆனா அத எழுதாதீங்க, போன்ல சொல்லிக்கிடுங்க. நாங்குநேரி, வள்ளியூர், அம்பை கோர்ட்ல நிக்க பிள்ளைகளையும் சேத்துக்கிட்டா ஒரு வாய்தாவுக்காக பஸ் ஏறி அலைய வேண்டாம்.

சம்பளம் கேக்க கூச்சப்படாதீங்க. 2024 ஜூன்ல வக்கீல்களப் பதிவு பண்ண தமிழ்நாடு பார் கவுன்சில் விட்ட சர்க்குலர்படி ஜூனியருக்கு மாசம் குறைஞ்சது சென்னை, மதுரை, கோவைல 20,000, நம்ம பக்கம் 15,000. கைக்கு எவ்வளவு வரும்ங்கது வேற கத, ஆனாலும் சர்க்குலர போன்ல வச்சுக்கிட்டுப் பேசுங்க.

அப்புறம் இலவச சட்ட உதவி கொடுக்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல போயி, அவங்க நடத்துத முகாமுக்கு வாரேன்னு சொல்லி வைங்க. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பொம்பளைகளுக்கு வருமானம் பாக்காம இலவச உதவி உண்டு, அதனால அங்க வாரவங்க நெறயப்பேரு பொம்பளைகதான், லேடி வக்கீல்களும் அங்கயே பழக்கமாயிருவாங்க. என்ரோல் ஆனபிறகு எழுதுத பார் எக்ஸாம் முடிக்கலன்னா அதுக்கும் குரூப்பாவே படிங்க.