அமிலமும் காரமும்: கேட்டதும் சொன்னதும்

பள்ளி வேதியியலும் கேட்கலாம், வீட்டுப் புழக்கமும் கேட்கலாம். மருந்து யோசனை மட்டும் என்னிடம் வேண்டாம்.

அமிலத்தையும் காரத்தையும் சரியான அளவில் கலந்தால் பிஎச் 7, அதாவது நடுநிலை, வந்துவிடும்தானே, சார்?

இரண்டுமே வீரியமானவை என்றால் வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் அப்படி. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் வீரியம் குறைந்தது. சோடியம் ஹைட்ராக்சைடோடு சரிக்குச் சரி சேர்த்தாலும், மிஞ்சும் சோடியம் அசிட்டேட் கரைசல் 8-ஐத் தாண்டிக் காரப் பக்கம் நிற்கும். அதனால்தான் ஆய்வகத்தில் அதற்குப் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைக் கொடுக்கிறார்கள். மெத்தில் ஆரஞ்சு விட்டால் முடிவுக்கு வெகு முன்பே நிறம் மாறி ஏமாற்றிவிடும்.

ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவது ஏன்?

அருமையான கேள்வி. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், சுண்ணாம்பு காரம். வெள்ளைச் சட்டையில் சிந்திய குழம்புக்கறை சோப்பு போட்டதும் சிவப்பதும் இதே கதைதான். அடுத்த முறை அந்தத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். சொட்டு விழும் இடம் மஞ்சளாகும். கலக்கினால் மறுபடி சிவந்துவிடும், சுண்ணாம்பு இன்னும் மிச்சம் இருப்பதால். சொட்டுகள் ஏற ஏறச் சிவப்பு மீள்வது தாமதமாகும், கடைசியில் தட்டு முழுக்க மஞ்சளாகிவிடும். நடுநிலையாக்கலைக் கண்ணால் பார்க்க இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியாது.

பாத்ரூம் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் போட்டால் கறை சீக்கிரம் போகுமா?

போடாதீர்கள். குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பொசுக்கும்.

கையில் ஆசிட் பட்டால் சோடா உப்பு தடவலாமா? அதுவும் நடுநிலையாக்கல்தானே?

வேண்டாம். அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் வெளிவரும். வீரியமான ஜோடிக்கு மோலுக்கு சுமார் 57 கிலோஜூல். அந்தச் சூடு உங்கள் தோலில் எதற்கு? குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். அப்புறம் டாக்டர்.

தேனீ கொட்டினால் சுண்ணாம்பு, குளவி கொட்டினால் வினிகர் என்று பாடத்தில் படித்தோமே?

பரீட்சையில் கேட்டால் அப்படியே எழுதுங்கள். நிஜத்தில் கொடுக்கு விஷத்தைத் தோலுக்கு அடியில் செலுத்துகிறது, சுண்ணாம்பு மேலே இருக்கிறது. தேனீ விஷத்தில் வலிக்கு முக்கியக் காரணம் மெலிட்டின் என்ற பெப்டைடு, அதாவது ஒரு சிறிய புரதத் துண்டு. அமிலத்தைத் தணித்தாலும் அது போகாது.

எங்கள் ஆச்சி சுண்ணாம்பு வைத்தால் வலி நிற்கும், ஐயா. நீங்கள் புத்தகத்தை மட்டும் நம்புகிறீர்கள்.

ஆச்சியைக் குறை சொல்லவில்லை, அம்மா. சாதாரணக் கொட்டு வலி எதையும் வைக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் குறையும். பேர் சுண்ணாம்புக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் பாடநூல் தப்பா? எறும்பில் ஃபார்மிக் அமிலம் இல்லையா?

சில எறும்புகளில் இருக்கிறது. கேள்வி தேனீயைப் பற்றியது. கொடுக்கை உடனே எடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதோடு தேனீயை விடுவோம்.

சோடா உப்பும் வினிகரும் கலந்து தரை துடைக்கலாமா?

நுரை பார்க்க நன்றாக இருக்கும். நுரை அடங்கியதும் கையில் இருப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

பிளீச்சிங் பவுடரோடு வினிகர் மட்டும் சேர்த்தால் பரவாயில்லையா?

மேலே படிக்கவில்லையா? வினிகரும் அமிலம்தான். குளோரின்! எந்த அமிலமும் கூடாது.

நெஞ்செரிச்சலுக்கு எந்த மாத்திரை நல்லது?

டாக்டரிடம் கேளுங்கள்.

கந்தக அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு: சமன்பாட்டைப் போட்டுத் தாருங்கள், நாளைக்கு டெஸ்ட்.

ஒரு பங்கு அமிலத்துக்கு இரண்டு பங்கு காரம். மிச்சத்தை நீங்களே எழுதுங்கள், தம்பி.