காலி எடை காணாமல் போவது ஏன்?

வணக்கம் நண்பரே. கோத்தகிரியில் ஐந்து இடத்துப் பச்சைத் தேயிலை எடையை பாஷ் என்ற ஷெல்லில் (கட்டளைகளை இயக்கும் நிரல்) ஓர் அரேயில், அதாவது வரிசைப் பட்டியலில், வைத்திருக்கிறீர்கள். சோலூர்மட்டத்தில் இலை வராத நாளில் அடுத்த இடமான கட்டபெட்டின் எடை சோலூர்மட்டத்தின் கட்டத்தில் ஏறிவிடுகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

அரேயில் தவறில்லை. அதை விரிக்கும், அதாவது அதன் உறுப்புகளை வெளியே எடுக்கும் இடத்தில்தான் தவறு. இரட்டை மேற்கோள் இல்லாமல் விரித்தால், காலி உறுப்பை ஷெல் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஐந்து நான்காகும். அரே பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குள் @ போட்டு, முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். பிரின்ட்எஃப் என்ற அச்சிடும் கட்டளை கொண்டு ஒவ்வொன்றையும் சதுர அடைப்புக்குள் அச்சிட்டுப் பாருங்கள்:

[42] [38] [] [51] [40]

அந்த நடு [] தெரிந்தால் சரி. @ இருக்கும் இடத்தில் * போடாதீர்கள். மேற்கோளுக்குள் அது ஐந்தையும் ஒரே சரமாக ஒட்டிவிடும். இசட்எஸ்எச் என்ற இன்னொரு ஷெல்லுக்கு மாறினால் தீருமா என்றும் கேட்டீர்கள். தீராது. மேற்கோள் இல்லாவிட்டால் அது இடைவெளியில் சொல்லை உடைக்காது, ஆனால் காலி உறுப்பை அதுவும் விட்டுவிடும்.

அப்புறம், கோப்பிலிருந்து படிக்கும் வரியையும் பாருங்கள், பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் குறியில் வரியைப் பிரிப்பது என்று சொல்லும் ஐஎஃப்எஸ்-இல் டேப் வைத்து, வரியைப் படிக்கும் ரீட் கட்டளையைக் கொடுத்தால், அடுத்தடுத்து வரும் இரண்டு டேப்பும் ஒன்றாகவே எண்ணப்படும். காலி எடை அரேக்குள் நுழையவே நுழையாது. கமா வைத்தால் நடுவில் உள்ள காலி நிற்கும். வரியின் கடைசிக் கட்டம் காலியானால் மட்டும் அதுவும் போய்விடும். அதனால் எடை இல்லாத இடத்தில் 0 எழுதச் சொல்லுங்கள். விவசாயிகளுக்குப் பணம் போகும் கணக்கு இது, இன்றே மாற்றிவிடுங்கள்.