வீடு முடியட்டும், அப்புறம் போகலாம்

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது மியன்மாரின் மண்டலேயில். 19 வருடங்களுக்கு முன் தாதியாகச் சிங்கப்பூருக்கு வந்தேன். இங்கேயே கல்யாணமாகி, இப்போது செங்காங்கில் இருக்கிறோம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் விழுந்துவிட்டது, முன்பக்கம் விரிசல். 73 வயது அம்மா தப்பித்துவிட்டார். தம்பிதான் கூட இருக்கிறான். வீட்டைச் சரிசெய்ய மூன்று தவணையாக 9,000 சிங்கப்பூர் வெள்ளி அனுப்பினேன். ஒரு வருடம் தாண்டியும் முற்றத்தில் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். கேட்டால், இடிபாடு அள்ளினேன், முதலில் கழிவறை கட்டினேன், ஒரு அறையை எடுத்துக் கட்டினேன் என்கிறான். அந்த அறைக்குள் அம்மா படுக்க வரமாட்டேன் என்கிறாராம். அப்படியானால் அதை ஏன் கட்டினான்? தம்பி மகனும் தாய்லாந்துக்குப் போய்விட்டதால் உதவிக்கு ஆளில்லையாம். எங்கள் சமையலறையை முழுக்க உடைத்துக் கட்ட ஆறு வாரம்தான் ஆனது. இவன் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நாலு முறை சொல்லிவிட்டான். ஜூன் விடுமுறையில் பிள்ளைகளோடு போவதாக இருந்தோம். தங்க இடமில்லை, வீடு முடியட்டும், அப்புறம் போகலாம் என்று பினாங்குக்கு மாற்றிவிட்டோம். கட்டிக்கொடுத்த பெண் இவ்வளவு செய்ததே அதிகம் என்கிறார் கணவர். தம்பியிடம் ரசீதோடு கணக்குக் கேட்கலாமா, இல்லை பணம் அனுப்புவதை நிறுத்திவிடவா?

பதில்: தங்கச்சி, 9,000 வெள்ளியைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் பினாங்கைப் பற்றிப் பேசவேண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எத்தனை தவணை, எவ்வளவு தொகை, தம்பி எத்தனை முறை தவணை சொன்னான், எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அம்மாவைக் கடைசியாக நேரில் எப்போது பார்த்தீர்கள் என்பது மட்டும் இல்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். போயிருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள்.

தங்க இடமில்லை என்கிறீர்கள். உங்களைப் பெற்றவர் 73 வயதில் ஒரு வருடமாகத் தங்கியிருக்கிற இடம் அது.

நீங்கள் இதைப் பெரிதாக நினைத்து எழுதவில்லை என்று தெரியும். பள்ளி விடுமுறை, பிள்ளைகள், வெயில் என்று யோசித்து முடிவெடுத்திருப்பீர்கள். ஆனால் எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்த நிலநடுக்கத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து குடிமைத் தற்காப்புப் படை மியன்மார் தலைநகர் நேப்பிடோவுக்குப் போனது. மோப்ப நாய்கள் போயின. முதுகில் கருவி கட்டிய கரப்பான்பூச்சிகள்கூடப் போயின. மகள் போகவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்பிவிட்டு, கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படுகிற கடிதம் எனக்கு எத்தனையோ வந்திருக்கிறது. புதுக்கோட்டை வீடு, மன்னார்குடி வீடு, இப்போது மண்டலே வீடு. எல்லாவற்றிலும் ஒரு 'அடுத்த மாதம்' இருக்கும். கொத்தனாருக்காகக் காத்திருக்கிறவன் வேறு என்ன சொல்வான்?

உங்கள் சமையலறை ஆறு வாரத்தில் முடிந்ததற்குக் காரணம் உங்கள் குத்தகைக்காரர் நல்லவர் என்பது மட்டுமா? அன்றைக்குச் செங்காங்கில் மற்ற வீடுகளெல்லாம் நின்றுகொண்டிருந்தன. மண்டலேயில் ஒரே மதியத்தில் ஊரே கொத்தனாரைத் தேட ஆரம்பித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சகாயிங்கும் தேடியது. நிலநடுக்கத்தின் அளவு 7.7, சகாயிங் நிலப்பிளவு 400 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது. 1934-ல் கட்டிய பழைய ஆவா பாலம் ஐராவதியில் விழுந்து கிடந்தது. சிமெண்டும் கம்பியும் என்ன விலை விற்றிருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதில் 2024-லேயே ராணுவத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வந்துவிட்டது. 18 முதல் 35 வயதுக்குட்பட்ட ஆண்கள். செங்கல் தூக்குகிற வயது அதுதானே? தம்பி மகன் தாய்லாந்துக்குப் போனதை வேலைக்கு ஆள் குறைந்த கதையாக எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு அது பிள்ளை போன கதை. அதையும் சுமந்துகொண்டுதான் அவன் கொத்தனாரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

பணமும் காப்பீடும் இருக்கிற ஊரில்கூட இது சீக்கிரம் முடிகிற காரியமில்லை. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். வீடுகளுக்கு அரசாங்கக் காப்பீடே இருந்த நாடு அது. அங்கேயும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். சரிசெய்து கொடுத்த வீடுகளில் பலவற்றை வேலை சரியில்லை என்று மறுபடி பிரித்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. வீடு முடிந்ததும்தான் அம்மாவைப் பார்ப்பேன் என்று அங்கே ஒரு மகள் சொல்லியிருந்தால், அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடமே முடித்திருப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அத்தனை வருடம் கையில் இருக்கிறதா?

தம்பி முதலில் கழிவறை கட்டினான் என்று ஒரு குற்றச்சாட்டு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். பின்பக்கம் இடிந்த வீட்டில் 73 வயதுப் பெண்மணி ராத்திரி எங்கே போவார், டார்ச் யார் பிடிப்பது, குந்தி எழுந்தால் கையைப் பிடிக்க யார் இருப்பது என்று யோசித்தவன்தான் முதலில் கழிவறையைக் கட்டுவான். வாசலுக்குச் சாயம் அடித்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அடுத்து, அம்மா அறைக்குள் வரமாட்டேன் என்கிறார், அப்படியானால் அதை ஏன் கட்டினான் என்று கேட்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

2007 மார்ச் 6. நான் வேலை பார்த்த அலுவலகம் ஒரு கட்டடத்தின் 14-வது மாடியில். சுமத்ராவில் சோலோக் பக்கம் 6.4 அளவில் நிலநடுக்கம், இங்கிருந்து பல நூறு கிலோமீட்டர். தண்ணீர் பாட்டில் மேசையில் தானாக நகர்ந்தது. திரைச்சீலையின் கயிறு ஊஞ்சல் மாதிரி ஆடியது. தலைசுற்றுகிறது, காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் எல்லாரும் படிக்கட்டில். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. கீழே நின்றோம், மேலே போகலாம் என்றார்கள், போனோம். இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று, 6.3. மறுபடி படிக்கட்டு. கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தூரத்து நிலநடுக்கத்தின் மெதுவான அலை உயரமான கட்டடத்தைத்தான் ஆட்டும், மண் இளகலாக இருந்தால் இன்னும் ஆட்டும், இங்கே விழாது என்றெல்லாம் படித்தவர்கள் விளக்கினார்கள். புரிந்தது. புரிந்தும் பத்து நாள் மின்தூக்கியில் ஏறவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். ஒரு சுவர்கூட விழாத ஊரில், 14 மாடி ஏறி இறங்கிய பெண் நான்.

உங்கள் அம்மா தன் கண்ணெதிரே வீட்டின் பின்பக்கம் விழுந்ததைப் பார்த்தவர். அன்றைக்கு அந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவிலும் அரண்மனை அகழிக்கரையிலும் படுத்தார்கள், 40 டிகிரி வெயிலிலும் உள்ளே போகவில்லை. அதற்கப்புறம் மாதக்கணக்கில் பின்னதிர்வு. லாரி போனால்கூடத் தரை ஆடுகிற மாதிரி இருக்கும். அவர் அடம்பிடிக்கிறார் என்று தம்பியும் நினைக்கக்கூடும், நீங்கள் நினைக்காதீர்கள். உள்ளே போங்கள் என்று போனில் ஒருமுறையாவது சொல்லியிருப்பீர்கள், இனி சொல்லாதீர்கள்.

அவர் பயம் தப்பாகவும் இல்லாமல் இருக்கலாம். புது அறை அந்த விரிசல் விட்ட முன்பக்கத்தோடு ஒட்டித்தானே நிற்கிறது? சுவரில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக விரிசல் இருக்கிறதா, தூணும் பீமும் சேருகிற இடத்தில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்று தம்பியைக் கேளுங்கள். பூச்சு வேலைக்கு முன் ஒரு பொறியாளர் அதைப் பார்க்கவேண்டும். பூசி முடித்துவிட்டால் அழகாகத்தான் இருக்கும், உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த பணத்தை அதற்கு அனுப்புங்கள். மழைக்காலத்துக்கு முன் கொட்டகையின் தகரத்தை இறுக்கிக் கட்டவும் அனுப்புங்கள். பணத்தை நிறுத்துவதா என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. 'கட்டிக்கொடுத்த பெண்' என்ற பேச்சு எனக்குக் கேட்கவே பிடிக்காது. கட்டிக்கொடுத்தால் பெற்றவளோடு உறவு முறிந்துவிடுமா? நாளை அவருடைய அம்மா வீட்டுக் கூரை விழுந்தால் நீங்கள் எத்தனை வெள்ளியோடு நிறுத்தலாம் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். எனக்கு இதில் பழைய பிடிவாதம் உண்டு, மகனுக்கும் மகளுக்கும் சேர்த்துத்தான். 'அவன்தான் பக்கத்தில் இருக்கிறானே' என்று சொல்ல உரிமை உள்ளவர், பக்கத்தில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தவர் மட்டும்.

இன்னொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மியன்மார்க்காரர்கள் கூடுகிற பெனின்சுலா பிளாசாவுக்குப் போய், உங்கள் ஊர்க்காரர்கள் யாரிடமாவது "உங்க வீடு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலைக் கேட்டபிறகு உங்கள் தம்பி மீது உங்களுக்கு இருக்கிற கோபம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கலாம்.

சரி, கணக்கு. கேளுங்கள். உங்கள் பணம், கேட்க உரிமை உண்டு. ஆனால் அங்கே போய், கொட்டகையில் உட்கார்ந்து கேளுங்கள். மணல் வண்டிக்காரரும் இடிபாடு அள்ளியவரும் ரசீது போட்டுத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். தம்பி உண்மையிலேயே பணத்தைக் குடித்துத் தீர்க்கிறவனாக இருந்தால் இரண்டே நாளில் தெரிந்துவிடும், அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் பத்து வருடம் கேட்டாலும் தெரியாது.

போவது சுலபம் என்று நான் சொல்லவில்லை. சகாயிங் பக்கம் இன்னும் சண்டை, குண்டு விழுகிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போகவேண்டாம், அதில் உங்கள் கணவர் பயப்பட்டால் அது நியாயம். தனியாகப் போங்கள். மண்டலே வரை போவது சரிவராது என்றால் யங்கோன் வரை போங்கள், தம்பி அம்மாவை அங்கே கூட்டிவரட்டும். அதுவும் முடியாவிட்டால் ஒரு மாதத்துக்கு அம்மாவை இங்கே அழைத்துவரப் பாருங்கள். வந்தால் எந்த மாடியில் படுக்க வைக்கப்போகிறீர்கள் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவர் ராத்திரியில் கீழே இறங்கி, புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் போய் உட்கார்ந்தால் கூடப் போய் உட்காருங்கள்.

மண்டலேக்கே போக வாய்த்தால் நல்ல டார்ச் இரண்டு, அம்மாவுடைய பிரஷர் மாத்திரை மூன்று மாதத்துக்கு, பின்பக்கம் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் அறை போடாதீர்கள். கொட்டகையில் படுங்கள்.

பினாங்கு டிக்கெட்டைத் திருப்பித் தர முடியாது என்று எனக்கு மறுகடிதம் எழுதவேண்டாம். பிள்ளைகளும் அவர்கள் அப்பாவும் போய்வரட்டும். அங்கே லக்சா நன்றாகத்தான் இருக்கும்.