பேச்சுக்கு ரெண்டு கொழாய் (கடிதமும் பதிலும்)

வணக்கம் மேடம்,

பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன் நான். உங்க சைட்டை ரொம்ப வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. 2025 பிப்ரவரி 5ஆம் தேதி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கிரவுண்டுல நடந்த இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் கச்சேரிக்கு என் மக என்னையும் கூட்டிட்டுப் போனா, அவ சம்பளத்துல டிக்கெட் எடுத்து. இருக்கறதுலயே கம்மி விலை டிக்கெட்தான், ஆனாலும் அந்த விலை அநியாயம். ஒரே ஆளு, ஒரு கிட்டாரு, காலால ஏதோ பட்டனை அமுக்குறாரு, மிச்சத்தை எல்லாம் மெஷின் வாசிக்குது. நாப்பது பேர் உக்காந்து வாசிச்ச மெல்லிசைக் கச்சேரியைக் கேட்டு வளந்தவன் நான், இதை எப்படி இசைன்னு ஒத்துக்கறது? கடைசியில நின்னும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா காதுல விழுந்துச்சு, அது உண்மை. ஆனா அதுக்கு ஒயர் இழுக்கறவனுக்குத்தானே கை தட்டணும், பாடகருக்கு எதுக்கு? இந்த மாதிரி பிரம்மாண்ட டூரெல்லாம் கலையா இல்ல வியாபாரமா, உங்க கருத்து என்ன? அடுத்த தடவை மக கூப்பிட்டா போகவா வேணாமா?

— மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள சார்,

உங்க லெட்டர் ரொம்ப நீளம், மேல சுருக்கித்தான் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க. பதில் எழுதணும்னு தோணுனதே அந்த ஒரு வரியாலதான், கடைசியில நின்னும் ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழுந்துச்சுன்னு போற போக்குல எழுதிட்டு அடுத்த வரியிலயே அதைச் செஞ்ச மனுசனை ஒயர் இழுக்கறவன்னு தள்ளி விட்டீங்களே, அதைப் படிச்சதுல இருந்து ரெண்டு நாளா எனக்கு வேற வேலை ஓடல.

முதல்ல அந்த மெஷின் விஷயத்தை முடிச்சுடறேன். நீங்க பட்டன்னு சொன்ன அந்த லூப் பெடல் முன்னாடியே ரெக்கார்டு பண்ணி வச்சதைப் போட்டு விடற பெட்டி கிடையாது சார். கிட்டாரோட மரத்துல கையால தட்டுறாரு, காலால பெடலை அமுக்குறாரு, அந்தத் தட்டு சுத்திச் சுத்தி வருது, அது மேல கிட்டார் தந்தியில ஒரு கார்டு, அது மேல ஒரு ஹம்மிங், எல்லாம் உங்க கண்ணு முன்னாடி அந்த நிமிசத்துல செஞ்சது, பாட்டு முடிஞ்சதும் அழிஞ்சு போயிரும், அடுத்த ஊர்ல திரும்ப முதல்ல இருந்து. முதல் தட்டு ஒரு நூல் தப்புச்சுன்னா அந்தத் தப்பு பாட்டு முடியற வரைக்கும் திரும்பித் திரும்பி வந்து நிக்கும், பக்கத்துல தபேலாக்காரர் இருந்து தூக்கி விட மாட்டாரு. இதை வச்சுக்கிட்டு அந்த மனுசன் 2017ல டிவைட் ஆல்பத்துக்காக இத்தாலியில டுரின்ல ஆரம்பிச்சு 2019 ஆகஸ்ட்ல அவரு வளந்த ஊர்ப் பக்கம் இப்ஸ்விச்சுல முடிக்கிற வரைக்கும் 255 மேடை ஏறியிருக்காரு, ஏறக்குறைய 89 லட்சம் பேர் கேட்டிருக்காங்க. நீங்க பாத்த மேத்தமேட்டிக்ஸ் டூரும் பெரும்பாலும் அதே வழிதான், 2021ல வந்த ஈக்குவல்ஸ் ஆல்பத்துக்காக 2022 ஏப்ரல்ல டப்ளின்ல கிளம்புனது, நடுவுல சப்ட்ராக்ட்னு இன்னொரு ஆல்பமும் சேந்துக்கிச்சு, அது நம்ம ஊருக்கு வர்றதுக்கு மூணு வருசம் ஆச்சு. நாப்பது பேர் வாசிச்சாத்தான் இசைன்னா தம்பூராவை மட்டும் வச்சுக்கிட்டுப் பாடுறவங்களை என்ன சொல்லுவீங்க? சினிமா பாட்டுல வயலின் ஒரு நாள், பாடகர் வேறொரு நாள்னு தனித்தனியா எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறாங்களே, அதைக் கேட்டு நீங்க கண்ணை மூடி ரசிக்கறது இல்லையா?

டிக்கெட் விலையை விடுங்க. உங்க மக சம்பாதிச்ச காசு, அவ அப்பாவுக்குச் செலவு பண்ணியிருக்கா. ரஹ்மான் மேடைக்கு வந்து ஊர்வசியும் ஷேப் ஆஃப் யூவும் சேத்துப் பாடுனது பிடிச்சுதுன்னும் ஒரு பாரா எழுதியிருந்தீங்க, சந்தோசம், அதையும் விட்டுடறேன்.

இப்ப அந்த ஒயர்.

எங்கப்பா விளாத்திகுளம் பக்கத்துல ரேடியோ செட்டு வச்சிருந்தாரு சார். கல்யாணம், சடங்கு, பங்குனிப் பொங்கல், எலெக்சன் மீட்டிங்கு, எல்லாத்துக்கும் அவர்தான். ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு மைக்கு, ஒரு ரெக்கார்டு பிளேயரு, எட்டுக் கொழாய். அந்தக் கூம்புக்குத்தான் எங்க பக்கம் கொழாய்ன்னு பேரு. கோயில் வாசல்ல ரெண்டு, அப்புறம் தெரு நெடுக, வேப்ப மரத்துல ஒண்ணு, ஊருணிக் கரையில ஒண்ணுன்னு கட்டிக்கிட்டே போவாரு. எனக்கு ஒயரைச் சுத்துற வேலை, ரெக்கார்டைத் துணியால தொடைக்கிற வேலை. சாயங்காலம் முதல் பாட்டைப் போட்டுட்டு என்னைய பிளேயர் பக்கத்துல உக்கார வச்சுட்டு அவரு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தி நடப்பாரு, ஒவ்வொரு மூலையிலயும் நின்னு காதைக் கொடுத்துக் கேப்பாரு, திரும்பி வந்து மரத்துல ஏறி ஒரு கொழாயை ஒரு சாண் திருப்பி வைப்பாரு. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் ரொம்ப வருசம் தெரியாது.

காத்துல சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். கோயில் கொழாய்ல இருந்து 170 மீட்டர் தள்ளி ஊருணிக் கரையில நிக்கிறவனுக்கு அங்க கட்டுன கொழாய்ல ஒரு வார்த்தை உடனே கேக்கும், கோயில்ல இருந்து கிளம்புன அதே வார்த்தை அரை செகண்ட் கழிச்சு வந்து அது மேல விழும். பாட்டுன்னா ஜனம் பொறுத்துக்கும், ஏற்கெனவே தெரிஞ்ச பாட்டுதானே. வில்லுப்பாட்டுல கதை சொல்லும்போது என்ன ஆகும்? ஒரு சொல்லு மேல இன்னொரு சொல்லு ஏறி ஒண்ணும் புரியாது. அதனால வில்லுப்பாட்டு ஆரம்பிச்சதும் அப்பா தெருக் கொழாயை எல்லாம் அமத்திட்டு கோயில் வாசல் ரெண்டை மட்டும் விடுவாரு. "பாட்டுக்கு எட்டுக் கொழாய் தாயி, பேச்சுக்கு ரெண்டு கொழாய்"ன்னு சொல்லுவாரு.

எனக்குப் பதினோரு வயசு இருக்கும்போது ஒரு பொங்கல்ல விழாக் கமிட்டியில ஒருத்தரு, வில்லுப்பாட்டுக்காரர் வாயால தன் பேரைச் சொல்றது பக்கத்து ஊருக்கும் கேக்கணும்னு, எட்டையும் போடச் சொல்லிட்டாரு. அப்பா ரெண்டு தடவை வேணாம்னாரு, மூணாவது தடவை போட்டாரு. கதை கொழகொழன்னு போச்சு, ஜனம் கூச்சல் போட்டுச்சு, பாவம் அந்த வில்லுப்பாட்டம்மா நிறுத்தி நிறுத்திப் பாத்தாங்க, முடியல. பழி யாரு மேல விழுந்துச்சுன்னு சொல்லவா வேணும். பேசுனது நூத்தம்பது, கொடுத்தது எண்பது, அதையும் எல்லார் முன்னாடியும் எண்ணிக் கையில வச்சாங்க. வண்டியில கொழாயை ஏத்தும்போது அப்பா ஒரு வார்த்தை பேசல, நான் ஒயரைச் சுத்திக்கிட்டே இருந்தேன், முழங்கைல சுத்திச் சுத்தி கை செவந்து போச்சு.

அவரு தனியாளா காதை மட்டும் வச்சு மல்லுக்கட்டுனதுதான் சார் இந்த ஸ்டேடியம் டூருங்களோட பெரிய பிரச்சினையே. 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்குல ஷே ஸ்டேடியம், பீட்டில்ஸ், 55 ஆயிரம் பேருக்கு மேல. அவங்க பாட்டு போனது பேஸ்பால் மேட்ச்சுக்கு அறிவிப்பு செய்யற அந்த ஸ்டேடியத்து ஸ்பீக்கர் வழியா. வாசிக்கிறவங்க சத்தத்தை அவங்களுக்கே கேக்க வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர்னு ஒண்ணு மேடையில கிடையாது, ஜனம் போட்ட கூச்சல்ல அவங்க வாசிச்சது அவங்களுக்கே கேக்கல, டிரம்ஸ் வாசிச்ச ரிங்கோ மத்தவங்க உடம்பு அசையறதைப் பாத்துத்தான் பாட்டு எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சதா பின்னாடி சொல்லியிருக்காரு. அடுத்த வருசமே, 1966 ஆகஸ்ட் 29, சான் ஃபிரான்சிஸ்கோல கடைசி டிக்கெட் கச்சேரியைப் பாடிட்டு டூரையே விட்டுட்டாங்க. உலகத்துலயே பெரிய பேண்ட், ஒழுங்கா ஒரு ரேடியோ செட்டு அமையல.

அங்க இருந்து நீங்க நின்ன இடத்துக்கு வந்து சேர அறுபது வருசம் ஆகியிருக்கு. 1992ல ஃபிரான்ஸ்ல கிறிஸ்டியன் ஹெய்ல்னு ஒருத்தரு ஸ்பீக்கரை எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா சரம் மாதிரி தொங்க விடற முறையை சரியா வடிவமைச்சுக் கொண்டு வந்தாரு, லைன் அரேன்னு பேரு. தூரம் ரெட்டிப்பானா சத்தம் குறையற அளவு அதுல கம்மி. அப்புறம் டிலே டவர். மைதானம் நடுவுலயோ பின்னாலயோ ஒரு கோபுரம் கட்டி அதுல ஸ்பீக்கர் வச்சு, மேடையில இருந்து சத்தம் காத்துல நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அந்த ஸ்பீக்கரை வேணும்னே தாமதிக்க வைப்பாங்க. 100 மீட்டர்னா ஒரு செகண்டுல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டும் ஒண்ணா வந்து உங்க காதுல இறங்கும், சொல்லு மேல சொல்லு ஏறாது. காத்து சூடு ஒரு டிகிரி இறங்குனா சத்தத்தோட வேகமும் செகண்டுக்கு அரை மீட்டருக்கு மேல குறையும், அதனால சாயங்காலம் அளந்து வச்ச கணக்கு ராத்திரி மாறும், அதுக்குன்னு ஒரு எஞ்சினியர் டேப்லெட்டைக் கையில வச்சுக்கிட்டு மைதானம் பூரா நடந்து மூலை மூலையா நின்னு கேப்பாரு. இதைப் பத்தி முதல்முதலா படிச்ச அன்னிக்கு நான் அழுதுட்டேன் சார். துண்டு மட்டும்தான் இல்ல.

பாடறவரும் இதுக்குத் தப்ப முடியாது. மைதானத்தோட அந்தக் கோடியில மோதி அவரு குரலே அவருக்கு லேட்டா திரும்பி வரும், லூப்புல வாசிக்கிறவர் அதை நம்பித் தட்டுனா ரெண்டு வரியில எல்லாம் சரிஞ்சுரும், அதான் காதுக்குள்ள மானிட்டர். அப்ப கை தட்டணும்னா ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே தட்டணும், ஒருத்தரைத் திட்டறதுக்கு இன்னொருத்தரை எதுக்கு இழுக்கறீங்க? அந்த டூர் ஹைதராபாத்துல 2ஆம் தேதி, சென்னையில 5, பெங்களூருல 8. கச்சேரி முடிஞ்சு நீங்க நந்தனத்துல ஆட்டோ தேடிக்கிட்டு இருந்த நேரத்துல அங்க ஆளுங்க மேல ஏறி ஸ்பீக்கரை எல்லாம் அவுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. உங்க வீட்டுக்குப் பக்கத்துல சாரம் கட்டுறவங்க பத்தடி ஏறுனாலே அண்ணாந்து பாப்போம்ல, அதைவிடப் பல மடங்கு உயரம், ராத்திரில. 9ஆம் தேதி பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்ல ஷீரன் ரோட்டோரமா நின்னு பாடிக்கிட்டு இருக்கும்போது ஒரு போலீஸ்காரர் வந்து ஒயரைப் பிடுங்குன வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சே, நீங்களும் பாத்திருப்பீங்க. உலகம் பூரா ஸ்டேடியம் நிரப்புற குரல், அந்த ஒயரு போனதும் பக்கத்துல நிக்கிற கூட்டத்தோட சரி.

ஒயர் இழுக்கறவன்னு இனிமே எழுதாதீங்க சார். வாயாலயும் சொல்லாதீங்க. உங்க மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா பொய், நிறையவே இருக்கு, ஆனா அந்த ராத்திரி கால்கடுக்க நின்னு ஒவ்வொரு வார்த்தையையும் கவனிச்சுக் கேட்டிருக்கீங்க, பிடிக்கலைன்னு சொல்லிக்கிட்டே கேட்டிருக்கீங்க. எங்கப்பாவுக்கு உங்களை மாதிரி ஆளுங்களைத்தான் பிடிக்கும், மூலையில நின்னு காது கொடுத்துக் கேக்கறவங்களை. அவரு போய்ப் பதினாலு வருசம் ஆச்சு. அந்த ஆம்ப்ளிஃபயர் இன்னும் எங்கிட்டதான் இருக்கு, ஓடாது.

கலையா வியாபாரமான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும்தான், கோயில் பொங்கலும் அப்படித்தான். மக கூப்பிட்டா போங்க. எனக்கு எழுதுன மூணு பக்கத்துல, நல்லா கேட்டுச்சும்மான்னு ஒரு வார்த்தை அவகிட்ட சொன்னதா எங்கயும் எழுதல, அதை இன்னிக்கே சொல்லிடுங்க. சொல்லும்போது இன்னொண்ணும் கேளுங்க. நீங்க நின்ன இடத்துக்கு முன்னாடியோ பக்கத்துலயோ ஒரு கோபுரம் கண்டிப்பா நின்னிருக்கணும், எத்தனை அடி தள்ளி இருந்துச்சு, எந்தப் பக்கம் திரும்பி இருந்துச்சுன்னு அவ ஃபோன்ல எடுத்த படத்தைப் பாத்து எனக்கு எழுதுங்க.