அம்மாவின் சங்கிலி எந்தக் கணக்கில்?

அன்புள்ள அக்கா,

2019இல் கொழும்பு மாவட்டத்தில் வறுமை 2.3 வீதம்தான் என்று வாசித்தேன். நெருக்கமாகச் சின்ன வீடுகள் இருந்த எங்கள் தோட்டக் குடியிருப்பை உடைத்து மாடி வீடு தந்தார்கள். குழாய்த் தண்ணீர், டொய்லட், ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கிறது. ஆனால் மாதம் 20ஆம் திகதி தாண்டினால் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். நாங்கள் ஏழைகளா, இல்லையா?

வாசகி, மட்டக்குளி

அன்புள்ள தங்கச்சி,

2.3 பொய்யில்லை. அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் 14.3 வீதம், முல்லைத்தீவில் 44.5. அந்த இடைவெளியை மறுத்தால் அங்கே இருக்கும் சனத்துக்குத்தான் அநியாயம் செய்வோம்.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது? அந்த வருடத்து வறுமைக் கோடு ஒரு ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய், கொழும்புக்குச் சற்றுக் கூட. உடம்புக்கு வேண்டிய கலோரிக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவு, அதோடு மற்ற அடிப்படைத் தேவைகளுக்குக் கொஞ்சம். ஆளுக்கு அதற்கு மேல் செலவழிக்கிற குடும்பம் ஏழை இல்லை. சம்பாதிக்கிற குடும்பம் என்று சொல்லவில்லை, செலவழிக்கிற குடும்பம். அதற்கு நியாயமும் உண்டு, நாட்கூலிக்காரரின் வருமானம் இன்றைக்கு வரும் நாளைக்கு வராது, செலவைக் கேட்டால்தான் ஓரளவு சரியாகத் தெரியும். சரி, அப்போ சங்கிலியை அடகு வைத்துத் தம்பியின் டியூஷன் காசைக் கட்டினால் என்ன ஆகும்? அந்த மாதம் உங்கள் செலவு கூடுகிறது, நீங்கள் கோட்டுக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏறிவிடுகிறீர்கள்! சங்கிலி போனது அந்தத் தொகையில் எங்கும் கழிவதில்லை.

பல்பரிமாண வறுமைச் சுட்டி என்று 2010இல் வந்த அளவு ஒன்றும் இருக்கிறது. பணத்தை விட்டுவிட்டு சத்துணவு, பள்ளிக்கூடம், தண்ணீர், கழிப்பறை, மின்சாரம், வீடு என்று பார்ப்பது. நல்ல அளவு, தோட்டத்தில் பொதுக் குழாயடியில் வரிசையில் நின்ற உங்களுக்கு அதன் அருமை என்னைவிடத் தெரியும். ஆனால் மாடிக்கு வந்தபின் அதில் நீங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் பாஸ். கரண்ட் பில், தண்ணீர் பில், பராமரிப்புக் காசு என்று மாதாமாதம் கேட்கிற வீடு அது, கொப்பியில் எழுதிக் கடன் தந்த கடைக்காரர் பழைய தோட்டத்தோடு போய்விட்டார், வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண்கள் எட்டாம் மாடியில் யாருக்கு விற்பது? இதெல்லாம் எந்தச் சுட்டியில் வரும் என்று எனக்குக் கோபமே வருகிறது.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்தது. அந்த வருடம் என் இரண்டு காப்பும் போனது, இன்னும் மீட்கவில்லை. எனக்கு மாதச் சம்பளம் இருந்ததால் சமாளித்தேன்.

நீங்கள் கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன், சங்கிலியை வைத்துத்தான் மாதம் முடிகிறது என்றால் ஏழைகள்தான், அதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். கணக்கெடுக்க யாராவது வந்தால் கேட்காவிட்டாலும் அடகு ரசீதை எடுத்துக் காட்டுங்கள்.

சங்கிலியை மீட்கக் கடைசித் திகதி எப்போது என்று எழுதவில்லையே? எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா